பங்குக் கிணறும் தரம் பத்தின் வலைப்பூவும்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. உரும்பிராயில் ஒரு பாடசாலையின் தரம் பத்து மாணவர் எழுதிவந்த வலைப்பூவை வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுமாறு அதிபர் பஞ்சலிங்கம் கட்டளையிட்டார். ஒருவர் முறைப்பட்டார் என்பதற்காக ஒரு வகுப்பு முழுவதன் வாயையும் அடைப்பது அநீதி. தமிழாசிரியை உதயகலாவும் அநீதி என்றே நினைத்தார். அதிபரின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் நா எழவில்லை.

வலைப்பூவைத் தொடங்கியவர் அவரே. அதற்கு முன்னர் கட்டுரை என்றால் பிள்ளைகள் மனனம் செய்ததையே எழுதிக் கொடுப்பார்கள். வகுப்பு முழுவதும் ஒரே மழைநாளில் ஒரே குடையோடு நனைந்து வரும். வாசிப்பவரும் ஆசிரியர் ஒருவரே. வலைப்பூவிலோ தாமே கண்டதை, கேட்டதை எழுதவேண்டும்; ஏனையோர் அதன் கீழே முழுப்பெயரோடு கருத்துச் சொல்லவேண்டும். அரைப்பக்கம் தாண்டியறியாத வினோஜா, தங்கள் தோட்டக் கிணற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினாள். வந்தது வினை.

அது பங்குக் கிணறு. பங்காளர் கிழமை நாள்களைப் பிரித்து, முறைவைத்துத் தோட்டத்துக்கு இறைப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரான செல்வநாயகத்துக்கும் அதில் பங்குண்டு. வலைப்பூவில் கண்டு டென்மார்க்கிலிருந்து அவர் மகன் அனுப்பிவைத்த அந்தக் கட்டுரையில் "எங்கள் பூட்டன் வெட்டிய கிணறு" என்ற வரியைக் கண்டதும், அவர் அதை அச்செடுத்து, சிவப்புக் கோடிட்டு, அதிபரின் மேசையில் கொண்டுவந்து போட்டார். உதயகலாவும் அழைக்கப்பட்டார்.

"இதென்ன ரீச்சர், புதுக் காணி உறுதியோ?" என்று செல்வநாயகம் பாய்ந்தார்.

"இது பிள்ளையின்ரை கட்டுரை அண்ணை."

"எழுத்திலை வந்திட்டுது. உலகம் முழுக்கப் பாக்குது. நாளைக்கு வழக்கெண்டு வந்தால் உதைத்தான் தூக்கிக் காட்டுவினம்."

சோற்றுக்கு இல்லாவிட்டாலும் காணி உறுதியைப் பெட்டியில் பூட்டிவைக்கிற ஊர் நமது. எழுதியது எதுவானாலும் உறுதி என்றே எண்ணிவிடுவோம். பள்ளிக்கூடப் பிள்ளையின் கட்டுரைக்கும் விலக்கில்லை.

"அப்ப, எது சரி?" என்று உதயகலா கேட்டார்.

"ரெண்டு வீட்டுப் பூட்டன்மாரும் சேந்து வெட்டினது. கல்லுடைச்சது எங்கடை ஆள். அவையின்ரை ஆள் மண் அள்ளினவர், அவ்வளவுதான்."

"அதை நீங்கள் கட்டுரைக்குக் கீழை எழுதலாமே."

"நானோ? நானென்ன பத்தாம் வகுப்போ படிக்கிறன்?"

அதிபர் கையை உயர்த்தினார். "வெள்ளியோடை மூடுறது ரீச்சர். கதை முடிஞ்சுது."

மறுநாள் கணினி அறையில் வினோஜா தலை நிமிரவில்லை. "கிணத்தையே களவெடுத்திட்டாளடா!" என்று பின்வரிசையிலிருந்து ஜெயதீபன் கத்த, அறை சிரித்தது.

"நான் அழிச்சுப்போடுறன் ரீச்சர். இனி எழுதவும் மாட்டன்."

உதயகலா அவளருகே வந்து அமர்ந்தார். வலைப்பூ போனால் இந்தப் பிள்ளை மறுபடியும் அரைப்பக்கத்துக்கே திரும்பிவிடுவாள்.

"அழிக்காதை. பிழையெண்டு சொன்னவரையே கேள்."

"அவர் கண்டபடி பேசுவார் ரீச்சர்."

"பேசட்டும். எழுத்திலை பேசட்டும்."

வினோஜா தன் கட்டுரையின் கீழே எழுதினாள்: "செல்வநாயகம் மாமா, எங்கள் வீட்டில் சொன்னதை நான் எழுதினேன். உங்கள் வீட்டில் சொல்வதை நீங்கள் எழுதுங்கள். பிழையென்றால் திருத்துவேன்."

அதையும் மகன் அனுப்பிவைக்க, வியாழன் பின்னேரம் செல்வநாயகத்தின் பதில் வந்தது. முற்றுப்புள்ளி ஒன்றையேனும் காணாத பதில். ஒற்றுக்கள் கண்டபடி உதிர்ந்து கிடந்தன. ஆயினும் உதயகலா ஒரே மூச்சில் வாசித்தார். கல்லில் அலவாங்கு பட்டுத் தீப்பொறி பறந்ததும், வெட்டிய இருவரும் ஒரே பானைக் கூழ் குடித்ததும், முதலில் தண்ணீரைக் கண்டவர் யார் என்று கிணற்றுக்குள்ளேயே அடிபட்டதும் அதில் இருந்தன.

அதற்கும் கீழே ஒஸ்லோவிலிருந்து தர்சிகா எழுதியிருந்தாள். கிணற்றின் ஒரு பங்கு சீதனமாகப் போய்ச் சேர்ந்த வீட்டின் மகள் அவள். "எங்கள் புதன்கிழமை முறை வீணாகப் போகிறது. இரண்டு வீட்டாரும் மாறிமாறி இறைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் சம்மதம்."

வெள்ளிக்கிழமை, மணியடிக்கும் முன்னரே, வெங்காயத் தோட்டத்துச் செம்மண் காய்ந்த காலோடு செல்வநாயகம் அதிபரின் அறைக்குள் நுழைந்தார். வலைப்பூவை மூடுமுன் கடைசியாக ஒருமுறை மன்றாட வந்திருந்த உதயகலா வாயெடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"சேர், உதை மூடக்கூடாது!"

"நீங்கள்தானே மூடச் சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். அது அப்ப. இப்ப என்ரை எழுத்தும் அதிலை கிடக்கு. தர்சிகா தந்த புதன்கிழமையும் அதிலைதான் கிடக்கு. அழிச்சால் ஆர் பொறுப்பு?"

"அது உறுதியில்லை, பிள்ளையளின்ரை பயிற்சி."

"உங்களுக்குப் பயிற்சி. எங்களுக்குத் தண்ணி."

அதிபர் உதயகலாவைப் பார்த்தார். உதயகலா சிரிப்பை அடக்கச் சன்னலைப் பார்த்தார். 'ஊரவர் கோரிக்கைப்படி மூடுக' என்று தாம் எழுதிய குறிப்பை எடுத்து, 'மூடுக' என்பதை வெட்டி, 'தொடர்க' என்று எழுதி அதிபர் கையொப்பமிட்டார்.

அன்றே வினோஜா கட்டுரையைத் திருத்தினாள். இப்போது அதில் இரண்டு பூட்டன்மாரும் கிணற்றுக்குள் இறங்கினார்கள். தண்ணீரை முதலில் கண்டவர் யார் என்பது மட்டும் தீரவில்லை. அதை அறிய இரு வீட்டாரையும் விசாரித்து அடுத்த கட்டுரை எழுதுவதாக ஆசிரியையிடம் அவளாகவே வந்து சொன்னாள்.

இதை வாசிக்கிறவரே, உமது ஊர்ப் பிள்ளைகளும் எங்கேனும் எழுதிக்கொண்டிருப்பார்கள். தேடி வாசியும். பிழை கண்டால் அதிபரிடம் ஓடாதேயும். சரியானதை அதன் கீழே, உமது முழுப்பெயரோடு, முற்றுப்புள்ளியும் இட்டு, இன்றே எழுதும்.