மூன்று முறை நிறுத்த நத்தை

மாலை நான்கு மணிக்குள் கணினிக் கோப்பை ஒப்படைக்க வேண்டும். நூலகர் மூன்றுக்கே முடித்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பயிற்சி நூலகர்களுக்கானது. உயிரியல் ஆய்வுக்கூடத்துத் தரவுகளைச் சுத்தம் செய்து, முன்பின் தெரியாதவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அடுக்கி வைக்கக் கற்றுத் தந்தார்கள். தேறினால் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் இருக்கும் வாசகசாலையை மூடப்போகிறார்கள்; தேறாவிட்டால் புத்தகக் கிடங்கில் பெட்டியோடு பெட்டியாக உட்கார வேண்டியதுதான்.

தேர்வுக்கு அவருக்குக் கிடைத்தவை நத்தைகளின் எடைகள். அவற்றை நிறுத்த நத்தைக்காரி, அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அவருடைய நாத்தனாரே. வீட்டில் உப்பில்லாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிடுகிறவள், நத்தைக்கு ஓர் இலை குறைந்தால் குதிப்பாள்.

அவள் வந்து கோப்பைத் திறந்தாள். திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

“அண்ணி, பாதிக்கு மேல காணோமே?”

“எல்லா நத்தையும் இருக்குடி. ஒவ்வொண்ணும் மூணு தடவை இருந்துச்சு. ரெண்டைத் தூக்கிட்டேன்.”

“தூக்கிட்டீங்களா!”

“ஒரே புத்தகம் பட்டியல்ல மூணு இடத்துல இருந்தா விட்டு வைப்போமா?”

“புத்தகம் சொன்ன இடத்துல உக்காரும். இது ஊர்ற ஜென்மம். ஒரு தடவை தண்ணியோட தராசுல ஏறும், ஒரு தடவை காஞ்சுபோய் ஏறும். தராசு தடவைக்கு ஒண்ணு சொல்லும். எவ்வளவு முன்னப்பின்ன வருதுன்னு தெரியத்தானே மூணு தடவை நிறுக்கிறேன்?”

நூலகர் மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். இரட்டைப் பதிவுகளைக் களையெடுத்தே பேர் வாங்கிய கை. கேட்காமலே வேலையைக் காட்டிவிட்டது. மூலக்கோப்பு பத்திரமாக இருந்தது. நகலில் மட்டும் கை வைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?

பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். கணினிக்காரர், நத்தையைப் படத்தில்தான் பார்த்திருப்பார்.

“கண்ணாடி மாதிரி இருக்கும்மா. தரவு கொடுத்தவங்க கையெழுத்துப் போட்டா நீங்க பாஸ்.”

அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் நாத்தனார் பேனாவைத் திறந்தாள்.

“போட்டுடறேன் அண்ணி. அப்புறமா சரி பண்ணிக்கலாம். உங்களைக் கிடங்குக்கு அனுப்பிட்டு அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

“அப்புறம்னா எப்போ? அதுக்குள்ள ஒருத்தர் இதை எடுத்துட்டா? ஒரே தடவைதான் நிறுத்தாங்கன்னு நம்பிடுவாங்க.”

“நத்தை எடையை எந்தப் பைத்தியம் எடுக்கப்போகுது?”

“அந்தப் பைத்தியத்துக்காகத்தாண்டி இந்தப் பயிற்சியே!”

நாத்தனார் பக்கென்று சிரித்துவிட்டாள். நூலகர் பேனாவைப் பிடுங்கி மூடினார். பள்ளிப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினார். பயிற்சியாளர் திரும்பினார்.

“சார், இது தப்பு. நிறுத்த எடையில மூணுல ரெண்டை நானே அழிச்சிருக்கேன். மூலம் அப்படியே இருக்கு. சரியானதைத் திங்கக்கிழமை கொண்டுவந்தா எடுத்துக்குவீங்களா?”