இரண்டாம் குரலின் விலை

புதன்கிழமைகளில் என் மனைவி கிளோறியா போலந்துக்காரியாகிவிடுவாள். மாலை ஐந்தரைக்கு எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பாட்டு எழுதும் கொப்பியைக் கைப்பைக்குள் செருகிக்கொண்டு, சைக்கிளில் ஏறி மேட்டிலிருந்து டென்மார்க்கின் வைலே நகருக்குள் இறங்குவாள். அங்கே நகரசபையின் பண்பாட்டு இல்லத்தில் போலந்துச் சங்கத்தின் பாடகர் குழு அவளுக்காகக் காத்திருக்கும். இருபத்து மூன்று போலந்துக்காரர், ஒரு யாழ்ப்பாணத்துக்காரி.

இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் கேட்காமலேயே சொன்னதுதான் பிழையாகப் போயிற்று.

என் பெயர் டெனிஸ்ரன். வைலே தமிழ்க் கலாமன்றத்துக்குப் பதினொரு வருடமாகத் தலைவர். அந்தக் கதிரையை வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். அப்பா யாழ்ப்பாணம் பெரியகடைப் பகுதியில் சேலைக்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அவருடைய மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து படித்ததுதான் எனக்கு அதிகம். சொன்ன விலையை வந்தவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு சேலையைத் தூக்கிக்கொண்டு போனால், அப்பாவுக்கு அன்றைக்கு நித்திரை வராது. குறைத்துச் சொல்லிவிட்டோம் என்று புரண்டுகொண்டிருப்பார்.

போலந்துச் சங்கத்தின் தலைவி போஜெனா, கிளோறியாவோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஒரு நாள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்களாம். போஜெனா தங்கள் ஊர்ப் பாட்டொன்றை முணுமுணுத்திருக்கிறாள். கிளோறியா, சொல் தெரியாமலே, அதற்குக் கீழே இன்னொரு குரலை ஓடவிட்டிருக்கிறாள். தேவாலயப் பாடகர் குழுவில் சின்ன வயதிலேயே அவளுக்குப் பழகிய வேலை அது. மெட்டை மற்றவர்கள் பாட, அடியில் நின்று அதைத் தாங்குகிற இரண்டாம் குரல். போஜெனா விரிப்பைக் கீழே போட்டுவிட்டாளாம்.

“இந்தக் குரலை இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தனீ எண்டு கேட்டவள்,” என்று கிளோறியா வீட்டுக்கு வந்து சொன்னாள். முகம் பூரித்துக் கிடந்தது. கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை.

அவள் ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் மன்றத்தின் பாடகர் குழுவில் மூன்றாம் வரிசையில் நின்றுகொண்டுதான் இருந்தாள். நாங்கள் பாட்டின் இசையை இணையத்திலிருந்து எடுத்து ஓடவிட்டு, எல்லோரும் ஒரே குரலில் அதன் பின்னால் ஓடுவோம். அந்த ஓட்டத்தில் இரண்டாம் குரலுக்கு இடமில்லை. பாடி முடிந்ததும் வடை பரிமாற அவளுக்கு இடம் இருந்தது.

அவர்களைப் பார்த்து வயிறெரிய எனக்கு வேறு காரணங்களும் உண்டு. சனிக்கிழமைகளில் அவர்கள் நடத்தும் மொழிப் பள்ளியில் ஒரு சட்டம்: பிள்ளைகள் டேனிஷில் பேசினால், ஒரு வசனத்துக்கு ஒரு தட்டுக் கழுவ வேண்டும். அதனால் அந்தப் பிள்ளைகள் படிக்கட்டில் சண்டை பிடிப்பதும் போலந்து மொழியில்தான். அதே சட்டத்தை எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டால் தட்டெல்லாம் தேய்ந்து ஓட்டை விழும். இன்னும் ஒன்று. டென்மார்க் முழுக்க அலைந்து, பழைய ஆட்களைப் பாட வைத்துப் பதிவுசெய்து, நூற்றுப் பதினான்கு பாட்டுகளைப் புத்தகமாக்கியிருந்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவரின் பெயர், ஊர், இங்கே என்ன வேலை செய்தார் என்பது. எங்கள் மன்றத்துக்கும் ஒரு புத்தகம் உண்டு, ஆண்டு மலர். அதில் என்னுடைய படம் பதினொன்று.

கிளோறியா குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய கொப்பியைத் திறந்து பார்த்தேன். போலந்துப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பக்கம் பக்கமாக ‘ஷ்ச்’, ‘ப்ஷ்’. பாட்டா, குக்கர் கூவுகிறதா என்று தெரியவில்லை. ஆனால் ஓரத்தில் பென்சிலால் பொருளும் எழுதியிருந்தாள்: ‘அடுப்பு அணைய முன்னம் வந்துவிடு.’ எனக்கென்று அவள் கடைசியாக எழுதியது, வெங்காயம், லீக்ஸ், பால்.

மன்றத்தின் செயலாளர் கதிர்காமத்தம்பி அண்ணையிடம் போய்க் கொதித்தேன்.

“அண்ணை, இது கலாசாரக் கடத்தல்.”

“ஆர் ஆரைக் கடத்தினது?”

“எங்கட குரலைக் கொண்டுபோய்த் தங்கட மரபைக் காப்பாத்தினம். அவையிட்ட ஆக்கள் இல்லையே?”

“அந்தக் குரல் உம்மட்ட இருந்ததெண்டு உமக்கு முந்தித் தெரியுமோ?”

“தெரியும்.”

“எத்தினையாம் வரிசையில நிண்டது?”

நான் கதையை மாற்றப் பார்த்தேன். அண்ணை விடவில்லை. “நல்லா மெலிஞ்சு போனீர் தலைவர். பொறாமையில இப்பிடி மெலியலாமெண்டு தெரிஞ்சிருந்தா, நானும் ஜிம்முக்குக் கட்டாமல் விட்டிருப்பன்.”

பண்பாட்டு இல்லத்தில் இரண்டு மண்டபங்கள். மேலே மேடை, பியானோ, பெரிய சாளரங்கள். கீழே, சமையலறைக்குப் பக்கத்தில், கை உயர்த்தினால் கூரை தட்டுகிற ஒன்று. மே மாத முதல் சனிக்கிழமை எங்கள் ஆண்டு விழா. ஒன்பது வருடமாக மேல் மண்டபம் எங்களுக்குத்தான். பதிவு திறக்கும் நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கணினிக்கு முன்னால் குந்துகிறவன் நான். போலந்துக்காரருக்கும் அந்தச் சனிக்கிழமைதான் தேவை. மே மூன்று அவர்களுடைய அரசியலமைப்பு நாள், அதை ஒட்டிய சனிக்கிழமையில் கொண்டாட்டம். ஒவ்வொரு வருடமும் கீழே குனிந்துகொண்டு கொண்டாடுவார்கள். நான் மேலே நின்று வேண்டுமென்றே கொஞ்சம் பலமாக நடப்பேன்.

ஏப்ரலில் கிளோறியா ஒரு பெட்டியோடு வந்தாள். உள்ளே மூன்று சரம் சிவப்பு மணிமாலை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் போட்டுப் பார்த்தாள்.

“ஆர் தந்தது?”

“சங்கத்துச் சாமான். பின்வரிசையில பாடுற மீசைக்காரர் கொண்டுவந்து தந்தவர்.”

மீசைக்காரர் வேறு.

“தாலிக்கு மேலயோ போடப் போறீர்?”

“கீழ போடேலாது. மணி பெரிசு.”

மாலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மே சனிக்கிழமைக்குத்தான், எங்கள் விழாவை விட்டுவிட்டு அவர்களோடு பாடப் போகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை போஜெனாவைத் தேடிப் போனேன். கீழ்ச் சமையலறையில் சூப் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். இருவரும் டேனிஷில் பேசினோம். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழி, பேரத்துக்கு வசதி.

“மேல் மண்டபம் உங்களுக்கு விருப்பம்தானே?” என்றேன்.

“யாருக்குத்தான் விருப்பமில்லை?”

“மே சனிக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவோடு.”

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். “பதிலுக்கு?”

“அன்றைக்குக் கிளோறியா கீழே எங்களோடு பாட வேண்டும்.”

என் கணக்குத் தெளிவானது. அவள் மறுப்பாள். நான் எழும்பிப் போவதுபோலக் காட்டுவேன். அவள் கூப்பிடுவாள். கடைசியில் மண்டபத்தை அரை நாளுக்கு மட்டும் கொடுத்து முடிப்பேன்.

“சரி,” என்றாள் போஜெனா. “அவள் கீழே பாடினால் நான் மறிக்க மாட்டேன்.” கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள்.

கையைக் குலுக்கினேன். அப்பாவுக்கு நித்திரை வராததன் காரணம் முழுதாக அப்போதுதான் விளங்கிற்று.

மூன்றாம் நாள் கிளோறியா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

“மேல் மண்டபத்துக்கு என்னை வித்துப் போட்டீங்களாம்.”

“விக்கேல்ல. மாத்தினனான்.”

“பியானோவோடயோ?”

“ஓம்.”

“அப்ப நல்ல விலைதான்.” அவள் சிரிக்கவில்லை. “அண்டைக்கு எங்கட விழா, நான் வரமாட்டன் எண்டு போஜெனாக்கு மாசி மாசமே சொல்லிப்போட்டன். அவள் இல்லையெண்டு விட்ட ஆளைத்தான் நீங்கள் மண்டபம் குடுத்து வாங்கியிருக்கிறீங்கள்.”

“அப்ப அந்த மாலை?”

“ஜூனில ஓகூஸ் நகரத்தில அவையோட ஒரு கச்சேரி. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்.”

நான் கதிரையில் இருந்தேன். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

“நான் ஏன் வரமாட்டன் எண்டு சொன்னனான் தெரியுமோ? இந்த வருஷமாவது, கிளோறியா, எங்கட மேடையில நீர் தனிய ஒண்டு பாடும் எண்டு கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். என்னட்டக் கேக்க வேண்டியதை அவளிட்டப் போய்க் கேட்டிருக்கிறீங்கள்.”

“சரி, இப்ப கேக்கிறன்...”

“இனி நான் மேலதான் பாடுவன்.”

“பேச்சு அப்பிடி இல்லையே.”

“பேச்சு உங்களுக்கும் அவளுக்கும். என்னோட ஒருத்தரும் கதைக்கேல்ல.”

போஜெனாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கத்தினேன். கிளோறியா வரமாட்டாள் என்பதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்கள் கேட்கவில்லை,” என்றாள் அமைதியாக. “என் அம்மா லூப்ளின் சந்தையில் முப்பது வருடம் வெள்ளரிக்காய் விற்றவள். வாங்க வந்தவர் தானாக விலையை ஏற்றிக்கொண்டு போனால், அம்மா குறுக்கே பேச மாட்டாள்.”

சந்தையில் வளர்ந்தவள்! அந்தச் சட்டி கழுவுகிற கையைப் பார்த்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

விழா நாளும் வந்தது. தாழ்ந்த கூரைக்குக் கீழே எங்கள் சனம் அறுபது பேர். எங்கள் குழு இசையை ஓடவிட்டுப் பாடி முடித்தது. நான் தலைமையுரைக்கு எழும்பினேன். உரையின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்போது மேலே பாட்டு ஆரம்பித்தது. முதலில் மெட்டு கேட்டது. அதை நான் பொருட்படுத்தாமல் வாசித்தேன். பிறகு அதற்கு அடியில் ஒரு குரல் வந்து சேர்ந்தது. கூரையைத் தாண்டி இறங்கியது அதுதான். அதற்கு மேல் வாசித்தது என்ன என்று எனக்கே தெரியாது.

முன்வரிசையில் ஒருவர் கழிப்பறைக்கு எழும்பினார். திரும்பி வரவில்லை. அவரைத் தேடி மனைவி போனார். கொஞ்ச நேரத்தில் கதிரைகள்தான் எனக்கு முன்னால் இருந்தன.

“தலைவர்,” என்றார் கதிர்காமத்தம்பி அண்ணை, அவரும் எழும்பியபடி, “பேச்சை முடியும். கேக்கிறதுக்கு இனி அந்த மைக் மட்டும்தான் இருக்கு.”

மேலே போனேன். வாசலில் எங்கள் சனம் முண்டியடித்துக்கொண்டு நின்றது. கிளோறியா நீலப் பட்டுச் சேலையில், தாலிக்கு மேல் சிவப்பு மணிமாலையோடு, முன்வரிசையில் நின்றாள். அவளுக்கு நேர் பின்னால் மீசைக்காரர், நான் வருடக்கணக்காக நின்றிருக்க வேண்டிய இடத்தில். அவள் வாய் அதிகம் திறக்கவில்லை. ஆனாலும் இருபத்து மூன்று பேரும் அவள்மேல் சாய்ந்து நின்று பாடுவதுபோல இருந்தது.

பாட்டு முடிந்ததும் போஜெனா டேனிஷில் விளக்கினாள். “இந்தப் பாட்டை எங்களுக்குத் தந்தவர் ஓர் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளி. தன் மனைவி இதற்கு இரண்டாம் குரல் பாடுவாள் என்று சொன்னார். நாங்கள் பதிவுசெய்யப் போகும்போது மனைவி உயிரோடு இல்லை. அந்தக் குரலைக் கிளோறியா தேடிப் பிடித்துத் தந்தாள். அது சரியா என்று அவரிடம் பாடிக் காட்டினோம். அவர் திரும்பவும் பாடச் சொன்னார்.”

வாசலருகே மேசையில் அவர்களுடைய புத்தகத்தின் புதிய பதிப்பு கிடந்தது. கடைசிப் பாட்டுக்குக் கீழே தொழிலாளியின் பெயர். அதற்கும் கீழே, ‘இரண்டாம் குரல்: கிளோறியா, யாழ்ப்பாணம்.’ எங்கள் மலரில் என் படம் பதினொன்று இருக்கிறது. அவளுடைய பெயர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நன்றி நவிலலில், வடை என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

வெயில் இறங்குவதற்கு முன் இருவரும் வீட்டுக்குக் கிளம்பினோம். மேட்டில் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் பாதி வழி வரை தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தேன்.

“கிளோறியா, அடுத்த வருஷம் எங்கட மேடையில நீர் தனிய ஒண்டு பாடுவீரோ?”

அவள் நின்றாள். “என்ன தருவீங்கள்?”

“கேளும்.”

“புதன்கிழமையில வந்து பின்வரிசையில நில்லுங்கோ. ஆம்பிளைக் குரல் காணாதாம். மீசைக்காரருக்குப் பக்கத்தில.”

“சரி,” என்றேன், மூச்சு விடாமல்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரியகடையில் அப்பாவின் முகத்தில் நான் எத்தனையோ தடவை கண்ட கலக்கம் அது. அவசரமாக, “வடையும் நீங்கள்தான் குடுக்கோணும்,” என்றாள்.

“அதை முதலே சொல்லியிருக்கோணும். பேரம் முடிஞ்சுது.”

சைக்கிளை வாங்கி நான் தள்ளினேன். அது பேரத்தில் சேராது. வீடு வரும்வரை அவள் அந்த இரண்டாம் குரலை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மேலே ஓட வேண்டிய மெட்டு எனக்குத் தெரியாது. மீசைக்காரருக்குத் தெரியும். புதன்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் கிடந்தது.