குழாயா, தொட்டியா

1

இந்தக் கதை குற்றவுணர்ச்சியில் பிறந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் அக்கா திட்டியதில் பிறந்தது.

'ஜெயங்கொண்டத்து முந்திரிக்காட்டில் காற்று' என்று தொடங்கினேன். காற்று என்ன செய்தது என்று தெரியாததால் அங்கேயே விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். என் அக்கா செங்கமலம், அப்பா அவள் பங்காகக் கொடுத்த முந்திரி மரங்களில் ஆறை வெட்டிவிட்டு அங்கே பசுமைக்குடில் போட்டாள். மண்ணே இல்லாமல் தண்ணீரில் புதினா வளர்ப்பதாகத் திட்டம். எந்த முறையில் என்பதில்தான் வீடு இரண்டானது. அவள் கணவர் ராசாங்கம் மாமாவுக்குக் குழாய்தான் பிடித்தது: வெள்ளைக் குழாய்களுக்குள் சத்து கலந்த தண்ணீர் வேர்களை நனைத்தபடி ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா கேட்டது தொட்டி: தேங்கிய தண்ணீரில் தெர்மாகோல் அட்டை மிதக்கும், அதன் ஓட்டைகளில் செடி நிற்கும்.

"கரண்டு போனா குழாய்ல தண்ணி நின்னுடும். அப்புறம் வேரு என்னத்தக் குடிக்கும்?" என்றாள் அக்கா.

"மாப்ள படிச்சவரு. அவரே சொல்லட்டும்" என்று மாமா என்னைக் கைகாட்டினார்.

2

(இங்கே அறிவழகன் என்றொரு ஆலோசகரை நுழைத்து, அவர் வாயால் 'குழாய்' என்று சொல்ல வைத்திருந்தேன். மூன்று வரைவுகளில் மீசையோடு உலவினார். அடித்துவிட்டேன். சொன்னது நான்தான். காரணம், இணையத்தில் பார்த்த படத்தில் குழாய் அழகாக இருந்தது.)

3

மே மாதம். அக்காவும் மாமாவும் உடையார்பாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். காலை பத்து மணிக்குப் போன கரண்டு, அவர்கள் மதியம் திரும்பியபோதும் வந்திருக்கவில்லை. புதினா முழுக்கத் துவண்டு கிடந்தது. குடம் குடமாக ஊற்றிப் பார்த்தார்கள். முக்கால்வாசி பிழைக்கவில்லை.

நான் போனபோது அக்கா அழுது (இல்லை, அழவில்லை) காய்ந்த வேர்களைக் குழாயிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள்.

"மரத்த வெட்டினப்பகூட ஒண்ணும் தோணல. இத உருவறப்பதான் அந்த மரமும் நெனப்புக்கு வருது."

நான் குடில் வாசலிலேயே நின்றேன்.

"ஊருக்கெல்லாம் கத எழுதுற. நான் கேட்டது ஒரு கேள்வி, அது ஒன் காதுல ஏறல. நிக்காத, ஒரு பக்கம் புடி."

பிடித்தேன். மறுநாள் மாமாவே தார்ப்பாய் விரித்துக் குடிலின் பாதியில் தொட்டி கட்டினார். ஒரு மாதத்தில், மிஞ்சிய புதினா அதில் நிமிர்ந்துவிட்டது.

4

முடிவு அ: மாமா மன்னிப்புக் கேட்கிறார். (அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: மறுபாதிக்கும் தொட்டியே என்று ஊர் கூடி

ஊர் எங்கே கூடியது? மறுபாதி காலியாகத்தான் கிடக்கிறது. போன வாரம் மாமா இன்வெர்ட்டர் வைத்துக் குழாய் போடலாம் என்று மெதுவாக ஆரம்பித்திருக்கிறார். அக்கா போன் செய்தாள்.

"நீ என்ன சொல்ற?"

"நான் சொல்லலக்கா. கத படிக்கிறவங்ககிட்ட விட்டுட்டேன். அவங்க முடிவு பண்ணட்டும்."

"பண்ணட்டும். கரண்டு போறப்ப வூட்ல இருப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்க."

இதோ, உங்களிடம் கேட்டுவிட்டேன்.