மேயர் அங்கியின் அளவு

இனி மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், ஊர் மக்களே நேரடியாக ஓட்டுப் போடுவார்கள் என்று மாநகராட்சி அறிவித்ததிலிருந்து தையற்காரரின் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. தையற்காரருக்கு மட்டும் மனசில் ஏதோ இடித்தது. பதவியை இத்தனை காலம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த கூட்டம் சும்மா விட்டுக்கொடுத்துவிடுமா?

தேர்தலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கும்போதே, மாநகராட்சி குமாஸ்தா சிவப்புத் துணியோடு கடைக்கு வந்து நின்றார்.

"புது மேயருக்கு அங்கி தைக்கணும், மாஸ்டர்."

"ஆளே யாருன்னு தெரியாது, நான் யாருக்குங்க அளவெடுக்கிறது?"

"பொதுவான அளவுதான். எழுதியே கொண்டாந்திருக்கேன்."

தையற்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். மார்பு நாற்பத்தாறு. இடது தோள், வலதை விட ஒரு அங்குலம் இறக்கம்.

தேர்தலில் நிற்கிற ஏழு பேரில் அப்படித் தோள் சரிந்தவர் ஒருவர்தான், இப்போதைய மேயரின் மச்சான். இருபது வருஷமாக அந்தத் தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைப்பவர் இவரேதான்.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, நாம யாருக்கு ஓட்டுப் போடலாம்?"

"யாருக்கு வேணாலும் போடு," என்றார் தையற்காரர், குமாஸ்தாவை முறைத்தபடி. "அளவு எடுத்தாச்சாம்."