ஏரிக்கரை வீட்டுக்கு முன்பே வந்தவர்கள்

பெட்டிமேல் பெரிய மகள் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜிப் பாதியிலேயே சிக்கிக்கொண்டு நின்றது. அம்மாக்காரி மண்டியிட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும், இப்போது பத்தேகால். வேலை பார்க்கிற மருந்துக்கடையில் இந்த நாலு நாள் விடுப்புக்காக ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள். ஆனால் கிளம்புகிற அன்றைக்குப் பார்த்துத்தான் எல்லாம் ஒளிந்துகொள்கிறது: சார்ஜர், சின்னவளின் ஒற்றைச் செருப்பு, புருஷன். லிப்ட் பழுதுபார்க்கிற அந்த மனுஷன், எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டார்கள் என்று போனில் விசாரித்தபடி வாசலில் நடந்துகொண்டிருந்தார்.

"டார்ச் எடுத்து வச்சியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"எல்லாம் எடுத்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வந்து பைக்குள்ள உட்காருங்க."

பெரியவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் சின்னவள் பெட்டிச் சக்கரம் தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அம்மாக்காரி கட்டிய பையை மறுபடி அவிழ்த்து, அடியில் கைவிட்டுத் துழாவி, வாத்துப்படம் போட்ட மஞ்சள் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து ஒட்டினாள். பிறகுதான், தாமதமாகும் என்று சொல்ல, நாலு நாளைக்கு வாடகைக்குப் பேசியிருந்த ஏரிக்கரை வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாங்க வந்துசேர ரெண்டு மணி ஆயிடும். சாவியை யார்கிட்ட..."

"என்னம்மா விளையாடறீங்க? காலையில ஏழு மணிக்கே வந்து வாங்கிட்டுப் போனீங்களே?"

"நாங்க இன்னும் வீட்டைவிட்டே கிளம்பலண்ணே. அது வேற யாரோ."

"அப்ப இது யாரு? உங்க குரல்தானே? நாலு பேரு, ரெண்டும் பொண்ணு. சின்னப் பாப்பா முட்டியில வாத்துப்படம் போட்ட பிளாஸ்திரி. எப்ப விழுந்தான்னு கேட்டதுக்கு, 'கிளம்புற நேரத்துல'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவள் சின்னவளின் முழங்காலைப் பார்த்தாள். பிளாஸ்திரியின் ஒரு முனை இன்னும் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றது குரல். "இங்க வர்ற குடும்பமெல்லாம் வண்டியைவிட்டு இறங்கும்போதே சண்டையோடதான் இறங்கும். உங்கள மாதிரி சிரிச்சுக்கிட்டே இறங்கினவங்களை நான் பார்த்ததே இல்ல."

போனை வைத்தாள். பயம் வர வேண்டிய இடத்தில் முதலில் வேறொன்று வந்தது. பொறாமை. யாரைப் பார்த்து என்று நினைத்த பிறகுதான் பயம் வந்தது.

புருஷனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆள் மாறிப்போயிருக்கும்" என்றார். "நேர்ல போய்ப் பேசிக்கலாம்."

"பிளாஸ்திரி?"

அவர் சின்னவளின் முழங்காலை எட்டிப் பார்த்தார். பிறகு, "வேணாம்னா விட்டுடலாம். நீ சொல்றதுதான்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவர்கள் எதைப் பார்த்து அப்படிச் சிரித்தார்கள் என்று ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. "போலாம்" என்றாள்.

வழியில் யாரும் சண்டை போடவில்லை. ஜன்னலோர சீட்டுக்குக்கூடப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளவில்லை. மூன்று மணிநேரம் வண்டிச் சத்தம் மட்டும்தான். அது அவளை இன்னும் கலக்கியது.

ஏரிக்கரை வீட்டின் கேட் சாத்தியிருந்தது. திறப்பதற்காக அவள் மட்டும் இறங்கினாள். உள்ளே, கொடியில் ஒரு ஆள் ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. பிடரியில் இரட்டைச் சுழி. பதினாலு வருஷமாக அந்தச் சுழிக்குப் பக்கத்தில் படுத்து எழுந்தவள் அவள். வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. தன் சிரிப்பு வெளியிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் புருஷன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி கொடியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அவள் கை கேட்டில் பட்டது. இரும்பு கிறீச்சிட்டது. உள்ளே சிரிப்பு நின்றது.

"வந்துட்டாங்க" என்று அந்தப் பெண் யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்.

கொடியருகே நின்றவர் திரும்பவில்லை. அவர் கையில் பிடித்திருந்த சின்னக் கவுனிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.