பழி சூரியன்மேல்

நதீம் ஹாம் ரேடியோவின் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தான். ஒரு குரல் இல்லை. வழக்கமான இரைச்சல்கூட இல்லை. அடுத்த அறையில் அத்தா மெஹபூப் பாஷாவைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. எழுபத்தாறு வயது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போனார் என்று மந்தைவெளியே சொல்லிவிட்டுப் போனது.

"இன்னா நதீம், மையித்து உள்ள கீது, நீ ரேடியோ திருகிக்கினு கீறே?" என்றான் சித்தப்பா மகன் காஷிஃப்.

"திருச்செந்தூர்க்காரருக்குச் சொல்லணும்டா."

"போன் போடேன்."

"நம்பர் இல்ல."

முப்பத்திரண்டு வருஷமாகக் காலை எட்டரைக்கு அத்தாவும் திருச்செந்தூர் சுயம்புலிங்கமும் இந்த ரேடியோவில் பேசிவந்தார்கள். நேரில் பார்த்ததில்லை. போன் நம்பர் வாங்கிக்கொண்டால் ரேடியோவுக்கு மரியாதை போய்விடும் என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

இன்றைக்கென்று பார்த்து சூரியனில் பெரிய வெடிப்பு. அப்படிப்பட்ட நாளில் வானம் ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். சில மணி நேரம் கழித்துத்தான் சரியாகும். நதீமை அரித்தது அதுதான். அத்தா வராவிட்டால் சுயம்புலிங்கம் சூரியன்மேல் பழி போடுவார். நாளைக்கும் போடுவார். அடக்கமோ இன்று நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும்.

பதினொன்றரைக்கு இரைச்சல் திரும்பியது. நதீம் மைக்கை அழுத்தினான். அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. அத்தா விடாமல் துரத்திப் பரீட்சை எழுதவைத்தார். ஆனால் ஒருநாளும் பேசியதில்லை. வாயில் வந்தது அத்தாவின் கால்சைன், ரேடியோவில் அவருக்கான அடையாளக் குறி. பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது அதுதானே.

"ஏ பாஷா! சூரியன் ஒருவழியா விட்டுட்டான் போலுக்கே! மூணு மணி நேரமா தொண்ட கிழியக் கத்திக்கிட்டுக் கெடக்கேன். ஜோரா கேக்கு வே!"

அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே குரல். அந்தச் சந்தோஷத்தை ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவைக்கலாமா என்றிருந்தது அவனுக்கு.

"மாமா, நான் நதீம். அவர் புள்ள." தன் கால்சைனையும் சொன்னான். "காலைல அத்தா மௌத்தாயிட்டாங்க. பழக்கதோஷத்துல அவர் கால்சைனைச் சொல்லிட்டேன். தப்பு என்னுது."

"இருக்கட்டும்யா. அவர் கொரல இன்னொருதரம் கேட்டுக்கிட்டேன்லா."

பிறகு அவரே கேட்டார். "பின்னால ஒரு அம்மா, டீ ஆறுதுன்னு தெனமும் அவர ஏசுவாங்களே, பக்கத்துல இருக்காங்களா?"

வாசற்படியில் நின்றிருந்த அம்மா நஸ்ருன்னிசா உள்ளே வந்தாள். நதீம் மைக்கை நீட்டினான்.

"சொல்லுங்கண்ணே."

அந்தப் பக்கம் அவர் மைக்கை அழுத்தியபடியே இருந்தார். அவர் மூச்சுக்குத் தக்கபடி ரேடியோ மீட்டரின் முள் மட்டும் மெல்ல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.