அவர் ஊரில் அது தாழ்ப்பாள்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வடக்கிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியதும், பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு வெளியே மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். உள்ளே எல்லாம் பழைய கதவு, துருப்பிடித்த தாழ்ப்பாள். அறை கூட்டும் அமிர்தவல்லி மேனேஜர் ராஜாராமிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். "பாத்துக்கலாம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு பதில் வந்ததில்லை.

அன்று காலை அவள் மாடி வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இந்தூரிலிருந்து மனைவியோடு வந்து தங்கியிருந்த பெரியவர் ஒருவர் பனியனோடு அறையைவிட்டு ஓடிவந்தார்.

"பாத்ரூம்... பீவி... குண்டி! குண்டி!" என்று கத்தினார். கையை ஆட்டி அவளை உள்ளே வரச் சொன்னார்.

அமிர்தவல்லி துடைப்பத்தோடு நின்றுவிட்டாள். வல்லத்திலிருந்து தினமும் நெரிசல் பஸ்ஸில் வருகிறவள் அவள். தப்பான எண்ணத்தோடு பார்க்கிற கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கண்ணில் இருந்தது பயம்.

ஆனால் மாடிப்படியில் ராஜாராம் ஏறி வந்துகொண்டிருந்தார். கூடவே ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் கன்னியப்பன். பெரியவர் சொன்ன மூன்று சொல்லில் அந்த இருவர் காதிலும் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"டேய் கெழவா, பொம்பளையாண்ட இன்னா வார்த்தை பேசற?" கன்னியப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து முறுக்கினார். காலையில் டீ குடிக்கும்போதே அந்தச் சொல்லையும் அதற்கு அண்ணன் தம்பியான சொற்களையும் தெருவெங்கும் இறைக்கிற வாய் அது. இன்று அதற்கு மானம் வந்துவிட்டது.

பெரியவர் மறுபடி, "குண்டி, குண்டி" என்று அழுகிற குரலில் கெஞ்சினார்.

"பாரு, திரும்பத் திரும்பச் சொல்றான்! திமிரப் பாரு!" என்றார் ராஜாராம்.

"அண்ணா, அவரு எதுக்கோ பயந்துகினு ஓடியாறாரு. உள்ள இன்னான்னு போயி பாருங்க" என்றாள் அமிர்தவல்லி.

"நீ சும்மா இரு. இது உன் மானப் பிரச்சனை" என்றார் ராஜாராம்.

அவள் மானத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், அவள் மட்டும் பேசக்கூடாது. கன்னியப்பன் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். "மன்னிப்பு கேளு! தமிழ்ல கேளு!" என்றார். ராஜாராம் கேமராவில் தன் முகமும் விழும்படி சற்று நகர்ந்து நின்றுகொண்டார்.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பலமில்லாத கை, விட்டுவிட்டுத் தட்டியது. அமிர்தவல்லி இருவரையும் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். குளியலறைக் கதவு அசையவில்லை. உள்ளே போட்ட தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டிருந்தது. வெளியே மன்னிப்பு படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்க, அவள் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கி வந்து கதவிடுக்கில் கொடுத்து நெம்பினாள். தோள்பட்டை விண்ணென்று வலித்தது. மரம் பிளந்து கதவு திறந்தது.

ஜன்னல் இல்லாத அந்தப் பொந்துக்குள் ஓர் அம்மாள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். புடவையெல்லாம் வேர்வை. அமிர்தவல்லி அவளைத் தாங்கிவந்து கட்டிலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முந்தானையால் விசிறினாள்.

மூச்சு சீரானதும் அந்த அம்மாள், கதவில் தொங்கிய தாழ்ப்பாளைக் காட்டி, "குண்டி" என்றாள் வெறுப்போடு.

அமிர்தவல்லிக்கு விளங்கிவிட்டது. தாழ்ப்பாளைத் தொட்டு, "எங்க ஊர்ல இது தாப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, திரும்பி நின்று தன் பின்பக்கத்தைத் தட்டிக் காட்டி, "குண்டின்னா இது" என்றாள்.

அந்த அம்மாளின் வாய் பிளந்தது. அடுத்த நொடி சிரிப்பு பீறிட்டது. ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு மூன்று ஆண்களும் உள்ளே வந்தார்கள். மனைவி விஷயத்தைச் சொன்னதும் பெரியவரின் முகம் சிவந்துபோனது. அமிர்தவல்லியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆங், இப்பதான் வழிக்கு வந்தான்" என்று கன்னியப்பன் போனை உயர்த்தினார்.

அமிர்தவல்லி பெரியவரின் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டாள். "பீவி, பீவின்னு, பொண்டாட்டி உள்ள மாட்டிகினு சாவக் கெடக்கறதத்தான் அவரு கத்தனாரு. அவரு ஊர்ல அது தாப்பா. நீங்க ரெண்டு ஆம்பளைங்க அத உட்டுட்டு என் பின்னாடி காவல் நின்னீங்களே, வெக்கமா இல்ல? மேனேஜர் சார், மன்னிப்பு கேக்கணும்னா நீங்க கேளுங்க. ஒரு தாப்பா மாத்தத் துப்பில்ல!"

ராஜாராம் உடைந்த கதவைப் பார்த்தார். "இந்தக் கதவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். அவருக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அந்தத் தம்பதி மதியமே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கன்னியப்பனின் வீடியோ அதற்கு முன்பே கிளம்பிவிட்டது, கதவு, கம்பி, சிரிப்பு எதுவும் இல்லாமல். கீழே 'தமிழச்சி மானம் காத்த செஞ்சிச் சிங்கம்' என்ற வாசகம். வல்லத்தில் தண்ணீர்க் குழாயடியில், "அந்தக் கெழவன் உன்ன இன்னா பண்ணான்?" என்று கேட்டார்கள். "கதவத் தொறக்கச் சொன்னாரு" என்றாள் அவள். யாரும் நம்பவில்லை. நடக்காததை நம்புவதில்தான் ருசி இருந்தது. லாட்ஜ் பேர் கெட்டுவிடும் என்று ராஜாராம் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார். மானம் காத்த லட்சணம்.

சில நாளில் கன்னியப்பனுக்குப் பாராட்டு விழா என்று கடைத்தெருவில் பேனர் வைத்தார்கள். ஓரத்தில் அமிர்தவல்லியின் படம், அவளைக் கேட்காமலேயே. அவள் நேரே ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள்.

"என் படத்த எடுத்துடுங்க. இல்லன்னா நான் வந்து மைக்க வாங்கி, அந்தம்மா உள்ள தட்டிகினு கெடந்தப்ப நீ இன்னா புடுங்கிகினு இருந்தன்னு சொல்லுவேன்."

மற்ற டிரைவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். கன்னியப்பன் பல்லைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அவள் படம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது.

விழா நடந்தது. பெண்மையைப் பற்றி ஆண்களே பேசினார்கள். கன்னியப்பனுக்குச் சால்வை போர்த்தினார்கள். ராஜாராம் முதலில் கைதட்டினார். அமிர்தவல்லி அதற்குள் திண்டிவனம் ரோட்டில் இன்னொரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அங்கே ஒவ்வொரு அறையின் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டு, இழுத்துப் பார்த்த பிறகுதான் கூட்ட ஆரம்பித்தாள்.